முடிவெட்டு, மாவுக்கட்டு, லட்டு: செய்திகளில் நம் பதின்பருவத்தினர்

தமிழ்நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர் செய்தியில் இடம்பெற வேண்டுமென்றால், பெரியவர்களைப் பயமுறுத்த வேண்டும், அல்லது பெருமைப்பட வைக்க வேண்டும், அல்லது இறந்துபோக வேண்டும். இந்த மூன்றுக்கும் வெளியே, காலையில் எழுந்து ரயிலையோ பேருந்தையோ பிடித்துப் பள்ளிக்கு வந்து, மாலையில் டியூஷனுக்கோ பகுதிநேர வேலைக்கோ போய், இரவில் செல்போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகும் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பற்றி நம் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் சொல்ல எதுவுமில்லை. சொல்கிற கொஞ்சமும் அந்தப் பிள்ளைகளைக் கேட்டுச் சொல்வதில்லை. காவல் நிலையம் சொல்லும், பள்ளி நிர்வாகம் சொல்லும், பெற்றோர் அழுதுகொண்டு சொல்வார்கள், மனநல மருத்துவர் ஒருவர் குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து சொல்வார். செய்திக்கு உரியவர் மட்டும் பேசமாட்டார்.

வடசென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். இதழியல் எனக்குப் பழக்கமான துறையன்று. ஆனாலும் செய்தியில் சித்திரிக்கப்படும் வயதினரோடு பகல் முழுவதும் இருக்கிறவன் என்ற முறையிலும், நண்பர்கள் சிலர் நிருபர்களாக இருப்பதால் செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை ஓரளவு அறிந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

லட்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் இருப்பதிலேயே தீங்கு குறைந்தது. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எல்லா நாளிதழ்களிலும் ஒரே படம் வரும். சீருடையில் நாலைந்து மாணவிகள் ஒன்றாகத் துள்ளிக் குதிப்பார்கள், அல்லது ஒருத்தியின் வாயில் அவளுடைய அம்மா லட்டு ஊட்டுவார். குதிக்கச் சொல்வது புகைப்படக்காரர்தான். சரியாக வரவில்லையென்றால் மறுபடியும் குதிக்கச் சொல்வார். 'வழக்கம்போல் இந்த ஆண்டும் மாணவிகளே அதிகம்' என்ற வரி ஒவ்வோர் ஆண்டும் மாறாமல் வரும். அந்த 'வழக்கம்போல்' என்பதற்குப் பின்னால் இருப்பதை விசாரித்து எழுதப்பட்ட கட்டுரைகள் அரிது. 2024 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவியரின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களின் தேர்ச்சி 92.37 விழுக்காடு. பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள், தேர்வு எழுதவே வராமல் போனவர்கள் எந்தப் பட்டறையில், எந்த டெலிவரி வண்டியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் துள்ளல் படத்துக்குள் அடங்காத விஷயங்கள்.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. பிள்ளைகளிடையே தேவையற்ற போட்டியையும் மன அழுத்தத்தையும் குறைப்பதே நோக்கம் என்றார்கள். நல்ல முடிவு. ஆனால் அரசு கைவிட்டதைத் தனியார் பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன. பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். விளம்பரம் தந்த பள்ளியைப் பற்றி அதே நாளிதழில் என்ன செய்தி வரும், என்ன செய்தி வராது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2024-இல் தேர்வெழுதிய 7,60,606 பேரில் 7,19,196 பேர் தேர்ச்சி பெற்றார்கள். மிச்சமிருந்த 41,410 பேருக்கு நாளிதழில் கிடைத்த இடம், 'மன உளைச்சல் இருந்தால் 104 எண்ணை அழைக்கவும்' என்ற ஒரு பெட்டிச் செய்திதான். துணைத்தேர்வு எழுதித் தேறியவர்களை யாரும் குதிக்கச் சொல்லிப் படம் எடுப்பதில்லை.

அடுத்தது முடிவெட்டு. பக்கங்களை ஒட்டச் சிரைத்து, உச்சியில் மட்டும் விட்டு, முன்முடிக்குச் செம்பட்டையோ மஞ்சளோ அடித்துக்கொண்ட பையனுக்குப் 'புள்ளிங்கோ' என்று பெயர் வைத்து ஏறக்குறைய 2019 முதல் நம் ஊடகங்கள் நடத்திவரும் கேலி, பார்ப்பதற்கு விளையாட்டாகத் தெரியும். வடசென்னைப் பிள்ளைகள் தங்களுக்குள் நட்பாகச் சொல்லிக்கொண்ட பெயர் அது. கானாப் பாடல்கள் வழியே வெளியே வந்து, மீம் பக்கங்களில் புழங்கி, பிறகு செய்தித் தொலைக்காட்சியின் திரையோரத் தலைப்பாகவே மாறியது. 'புள்ளிங்கோ அட்டகாசம்', 'புள்ளிங்கோவுக்கு போலீஸ் கொடுத்த ட்ரீட்மெண்ட்' என்று செய்தி வாசிப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கும்போது, பின்னணியில் ஒரு காமெடி இசையும் ஓடும். மாணவர்களைத் தலைமுடியைக் காரணம் காட்டி வாசலிலேயே நிறுத்தியதும், உள்ளூர் சலூன்காரர்களுக்கு வேண்டுகோள் விடுத்ததும், ஆசிரியர்களே கத்தரிக்கோலை எடுத்ததும் 'நல்ல செய்தி' என்ற தொனியில் வெளியாயின.

அதே முடிவெட்டோடு, அதே நிறத்தோடு, கீழ்ப்பாக்கத்திலோ அடையாறிலோ ஒரு பையன் காரிலிருந்து இறங்கினால் அவனை அப்படி யாரும் அழைப்பதில்லை. அது ஸ்டைல். திரையில் நாயகன் அப்படி வந்தால் 'நியூ லுக்'. முடி என்பது இங்கே ஓர் அடையாளக் குறி மட்டுமே, உண்மையில் கேலிக்குள்ளாவது ஊர், தெரு, அப்பாவின் வேலை, பேசும் தமிழ். என் மாணவன் ஒருவன் இதை மிகச் சுருக்கமாகச் சொன்னான்: "டிவில எங்க ஏரியா பேரு வந்துச்சுன்னா சம்பவம்தான் சார். வேற எதுக்கு நம்ம பேரு வரப்போவுது?" வியாசர்பாடியில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளைப் பற்றி எப்போதாவது ஒரு கட்டுரை வருகிறது என்பதை அவனுக்கு நினைவூட்டினேன். "அதுலயும் 'ரவுடிசம் நடுவுல'ன்னுதான் சார் ஆரம்பிப்பாங்க" என்றான். அவன் சொன்னது சரி. நல்ல செய்திகூடக் கெட்ட செய்தியின் முதுகில் ஏறித்தான் எங்கள் பகுதிக்கு வருகிறது.

வகுப்பறைக் காணொளிகளின் கதையும் இதோடு சேர்ந்தது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்த 2022-இன் முற்பாதியில், அரசுப் பள்ளி மாணவர்கள் மேசையை உடைப்பதும், ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதும், அடிக்கக் கையோங்குவதுமான காணொளிகள் அடுத்தடுத்துப் பரவின. திருப்பத்தூர் மாவட்டம் மாதனூர் பள்ளியில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி சட்டமன்றம் வரை எதிரொலித்தது. ஒழுங்கீனமாக நடப்பவர்களை நிரந்தரமாக நீக்கி, மாற்றுச் சான்றிதழிலேயே காரணத்தைக் குறிப்பிடுவோம் என்று அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் அந்த மே மாதம் அறிவித்தார். அந்தக் காணொளிகளில் இருந்தவை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதங்களில் பள்ளியில் இருந்த எவருக்கும் தெரியும், பிள்ளைகள் உண்மையிலேயே கட்டுக்கடங்காமல்தான் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டாண்டு வீட்டில் அடைந்து கிடந்து, பலர் வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்து, ஒன்பதாம் வகுப்பை முழுதாகப் பார்க்காமலேயே பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் அவர்கள். இந்தப் பின்னணி காணொளியில் பதிவாகாது. மேலும், தனியார் பள்ளிகளின் வகுப்பறைகளிலிருந்து இப்படிக் காணொளிகள் வெளியே கசிவதில்லை. அங்கே மேசை உடைவதில்லை என்பதல்ல காரணம். உடைந்தால் பெற்றோரை அழைத்து, தொகையைக் கட்டச் சொல்லி, வெளியே தெரியாமல் முடித்துவிடுவார்கள். ஆகவே திரையில் தெரியும் ஒழுங்கீனம் எப்போதும் அரசுப் பள்ளிச் சீருடையில்தான் வரும்.

இந்தப் பயத்துக்கு எண்ணிக்கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-இல் இந்தியா முழுவதும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மீது பதிவான வழக்குகள் 30,555. அதற்கு முந்தைய ஆண்டைவிட இது குறைவு. அதே ஆண்டு நாட்டில் பதிவான மொத்தக் குற்ற வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய இருநூறு வழக்குகளில் ஒன்று. மிச்சமுள்ளவற்றைச் செய்தவர்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் வயதில் இருப்பவர்கள்.

மாவுக்கட்டுக்கு வருவோம். சென்னையின் கல்லூரி மாணவர்களிடையே ஒரே பேருந்து, ரயில் தடத்தில் வருகிறவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவனை வைத்துக்கொள்ளும் 'ரூட்டு தல' வழக்கமும், பஸ் டே கொண்டாட்டமும், மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் இடையிலான பகையும் பல்லாண்டுகளாக இருப்பவை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடும் பேருந்தில் பட்டாக்கத்தியால் வெட்டிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்தே போனார். இதைச் 'சேட்டை' என்று குறைத்துப் பேசுவது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். செய்தியாக்க வேண்டியதுதான், கண்டிக்க வேண்டியதுதான்.

ஆனால் செய்தியாவது எது? அரும்பாக்கத்தில் கத்தி எடுத்த காட்சி ஒரு நாள் ஓடியது. பிடிபட்ட மாணவர்கள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் அதைவிட நெடுநாள் ஓடின. தப்பியோடும்போது தவறி விழுந்தார்கள், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று காவல்துறை தரும் விளக்கத்தை நிருபர்கள் அப்படியே வெளியிடுவதும், அதைப் படிக்கும் ஊரே கண்ணடித்துச் சிரிப்பதும் தமிழ்நாட்டில் ஒரு நிலைத்த நகைச்சுவையாகிவிட்டது. எந்தச் செய்தி ஆசிரியரும் 'அந்தக் கழிப்பறையில் ஏன் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள்' என்று ஒரு கேள்வி கேட்டுப் பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. 'இனிமேல் இப்படிச் செய்யமாட்டோம், யாரும் எங்களைப் போல ஆகாதீர்கள்' என்று கைகூப்பும் மன்னிப்புக் காணொளிகளும் இதே வகைதான். காவலில் இருக்கும் ஒருவர் கேமராவைப் பார்த்துச் சொல்வது எப்படி விருப்பப்பட்டுச் சொன்னதாகும்?

அந்த மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விக்கும் இடமில்லை. திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று புறநகர் ரயிலில் மணிக்கணக்காக வருகிறவர்கள் பலர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். விடுதி கிடையாது, கல்லூரிக்குள் மதியத்துக்கு மேல் வேலை கிடையாது. நகரத்தில் அவர்களுக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்த ரயில்பெட்டியும் பேருந்தும்தான். கல்லூரிப் பெயரைவிட ரூட்டின் பெயர் பெரிதாவதற்கு இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இதை எழுத நிருபர் ஒருவர் ஒரு வாரம் அந்த ரயிலில் போய்வர வேண்டும். காவல்துறை அனுப்பும் வாட்ஸ்அப் படத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

முடிக்கும் பேச்சுக்கும் இவ்வளவு கூர்மையாகப் பெயர் சூட்டத் தெரிந்த ஊடகங்களுக்கு, ஓரிடம் வரும்போது மட்டும் திடீரென்று நா குழறிவிடுகிறது. அது சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தான் பட்ட துன்புறுத்தலைப் பற்றி அவர் புகார் சொல்லியிருந்தார். அந்த நிகழ்வின் கொடூரம் காரணமாக அது சாதி வன்முறை என்றே பேசப்பட்டது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் தென்மாவட்டப் பள்ளிகளில் நடந்தவை பலவும் 'இருதரப்பு மாணவர்களிடையே மோதல்', 'முன்விரோதம் காரணமாக', 'பேருந்தில் இடம்பிடிப்பதில் தகராறு' என்றுதான் அச்சேறுகின்றன. யார் யாரை எதற்காக என்பது ஊருக்கே தெரியும், படிப்பவருக்கு மட்டும் தெரியாது. வடசென்னைப் பையனின் தலைமுடி நிறம் தலைப்பில் வருகிறது. கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் செய்தியின் கடைசி வரியில்கூட வருவதில்லை.

சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இலேயே பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லி அதை நீர்க்கச் செய்துவிட்டார். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அதே கயிறுகள் பற்றித் திரும்பவும் பேச வேண்டியிருந்தது. அந்த அறிக்கை வந்தபோது தொலைக்காட்சி விவாதங்களில் பெரிதும் ஓடியது 'நெற்றியில் திலகம் வைக்கக் கூடாதா' என்ற சண்டைதான். அறிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயதுப் பிள்ளைகள் ஒருவரையாவது அந்த விவாத மேசைகளில் நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது சாவுச் செய்திகள். 'செல்போன் வாங்கித் தராததால்', 'தாய் கண்டித்ததால்', 'ஆசிரியர் திட்டியதால்', 'பிடித்த உடை எடுத்துத் தராததால்' என்று ஒற்றைக் காரணத்தோடு, 'மாணவி விபரீத முடிவு' என்று முடியும் அந்தத் தலைப்புகளை நாம் எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டோம். அது எங்கிருந்து வருகிறது என்று மாவட்டத்தில் பகுதிநேர நிருபராக இருக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். சந்தேக மரணத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு என்று ஒரு வழக்குப் பதிவாகும். அதில் 'இறப்புக்கான காரணம்' என்று ஏதாவது எழுத வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெற்றோரிடம் 'கடைசியாக என்ன நடந்தது' என்று கேட்பார்கள். முந்தைய நாள் செல்போனுக்காகத் திட்டியதாகச் சொல்வார்கள். அது காரணமாகிவிடும். மாலையில் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்கும் நிருபரிடம் எழுத்தர் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுவார். அடுத்த நாள் காலை ஊர் முழுவதும் அந்தத் தாய் 'திட்டிக் கொன்றவள்' ஆகிவிடுவாள், அந்தப் பிள்ளை 'ஒரு செல்போனுக்காகச் செத்தது' ஆகிவிடும். நண்பருக்கு அந்தச் செய்திக்குக் கிடைப்பது ஒரு டீச் செலவுக்கான காசு. அவரும் திரும்பிப் போய் விசாரிப்பதில்லை, விசாரிக்கச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை.

2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். இவர்களில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் கடன், சாதி, உடல்நோய், மனச்சோர்வு, வீட்டில் வன்முறை, பாலியல் துன்புறுத்தல் என்று என்னென்னவோ இருந்திருக்கும். ஒற்றைக் காரணத் தலைப்பு இரண்டு தீமைகளைச் செய்கிறது. ஒன்று, இந்தத் தலைமுறை அற்பக் காரணத்துக்கெல்லாம் உயிரை விடுகிற, எதையும் தாங்காத தலைமுறை என்ற எண்ணத்தை நிலைநிறுத்துகிறது. என் சக ஆசிரியர்களே 'இந்தக் காலத்துப் பசங்கள ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா' என்று சொல்லும்போது அவர்கள் மேற்கோள் காட்டுவது இத்தகைய தலைப்பைத்தான். மற்றது, ஏற்கெனவே துயரத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு இது ஒரு வழி என்று காட்டிக்கொடுக்கிறது. இதனால்தான் முறையை விவரிக்காதீர்கள், தலைப்பில் பெரிதாகப் போடாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் சுருக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் அவ்வழிகாட்டுதல்களை ஏற்று வெளியிட்டது. செய்தியின் அடியில் உதவி எண்ணை அச்சிடும் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது, மேலே உள்ளவை பெரிதாக மாறவில்லை. யூடியூப் அலைவரிசைகள் வந்தபின் நிலைமை மோசம். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருவர் இறந்தபோது ஆளுக்கொரு புலனாய்வு நடத்தி, அந்தப் பெண்ணின் படத்தை வட்டமிட்டும் அம்புக்குறி இட்டும் தம்ப்நெயில் போட்டார்கள். இணை விசாரணை நடத்துவோர் மீது நடவடிக்கை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

காதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சீருடையில் காதலிப்பதைத் தமிழ்த் திரைப்படம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொற்காலமாகக் காட்டிவருகிறது. நடிப்பவருக்கு மீசை முளைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், அது வேறு விஷயம். அதே காதலைச் செய்தித்தாள் 'மாணவியைக் கடத்திய வாலிபர் போக்சோவில் கைது' என்று எழுதும். பல வழக்குகளில் அந்த 'வாலிப'ருக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ, 'கடத்தப்பட்ட' பெண்ணுக்குப் பதினேழு. இத்தகைய வளரிளம் பருவக் காதல்களை, சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கடுமைக்குள் தள்ளுவது அச்சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது என்று 2021 ஜனவரியில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பில் எழுதினார். அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவரும் சுற்றறிக்கை அனுப்பினார். நீதிமன்றமும் காவல்துறையும் ஒரு படி இறங்கி வந்த இடத்தில் தலைப்புகள் இன்னும் வரவில்லை. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. உண்மையாகவே துரத்தப்பட்டு மிரட்டப்படும் பெண்ணின் செய்தியும் இதே வார்த்தைகளில் வருவதால், படிப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

ஊடகங்கள் வரையும் இத்தகைய சித்திரங்கள் ஒருநாள் சட்டமாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. 1995-இல் அமெரிக்காவில் அரசியல் அறிவியலாளர் ஜான் டியூலியோ, இரக்கமே இல்லாத புதுவகை இளங்குற்றவாளிகள் பெருங்கூட்டமாக வரப்போகிறார்கள் என்று எழுதினார். தொலைக்காட்சிகளும் இதழ்களும் அதைக் கறுப்பினப் பையன்களின் முகங்களோடு பரப்பின. பல மாநிலங்கள் சிறாரைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்கச் சட்டங்களைக் கடுமையாக்கின. உண்மையில் இளையோரின் வன்குற்றங்கள் 1994-க்குப் பிறகு குறைந்துகொண்டே போயின. 2012-இல் சிறார்க்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிப்பது குறித்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தம் கணிப்பு தவறிவிட்டதை ஏற்ற அறிஞர்களின் மனுவில் டியூலியோவும் கையெழுத்திட்டார். அதற்குள் அந்தப் பையன்களில் பலர் சிறையிலேயே முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள். நமக்கும் இது அந்நியமில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த நிர்பயா கொடுமையில் குற்றவாளிகளில் ஒருவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர். சிறார் என்பதற்கான வயதுவரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்று, அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் வர்மா குழு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அந்தச் சிறுவர் விடுவிக்கப்பட்ட 2015 டிசம்பரில், இரவெல்லாம் தொலைக்காட்சிகள் எழுப்பிய கூச்சலுக்கு நடுவே, பதினாறு முதல் பதினெட்டு வயதுவரையுள்ளவர்களைக் கொடுங்குற்றங்களில் பெரியவர்களாகக் கருதி விசாரிக்க வழிசெய்யும் சட்டம் இரண்டே நாட்களில் மாநிலங்களவையைத் தாண்டியது.

அதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவை மட்டும் ஊடகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. வழக்கில் சிக்கிய சிறார், பாதிக்கப்பட்ட சிறார், சாட்சியாக இருக்கும் சிறார் ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பள்ளி வாசலின் பெயர்ப்பலகையை நன்றாகக் காட்டி, தெருப் பெயரையும் அப்பாவின் தொழிலையும் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் பேட்டியும் எடுத்துவிடுவார்கள். யாருக்குத் தெரியாமல் மறைத்தார்கள் என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

மதிப்பீடு எவ்வளவு வேகமாகத் தலைகீழாகும் என்பதற்கு 2017 ஜனவரியின் மெரினா ஓர் எடுத்துக்காட்டு. ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர் கூட்டத்தை ஏறக்குறைய ஒரு வாரம் எல்லா அலைவரிசைகளும் கொண்டாடின. குப்பையைத் தாங்களே அள்ளுகிறார்கள், பெண்களிடம் கண்ணியமாக நடக்கிறார்கள், இந்தத் தலைமுறையைத் தவறாக நினைத்துவிட்டோம் என்று தலையங்கங்கள் உருகின. ஜனவரி 23 காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கியதும், 'சமூக விரோதிகள் ஊடுருவல்' என்ற காவல்துறையின் சொற்களைப் பல அலைவரிசைகள் அப்படியே திரையில் ஏற்றின. அன்று காவலர்களிடமிருந்து ஓடிய பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது நடுக்குப்பம் மீனவர்கள், அதற்காக அவர்களுடைய மீன்சந்தை எரிந்தது. மாணவர் என்ற மரியாதை காவல்துறையின் ஒலிபெருக்கி ஒலிக்கும்வரைதான்.

இத்தனையையும் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், பெரும்பாலும் எடுத்துக்கொள்வதேயில்லை. என் வகுப்பில் நாளிதழ் படிப்பவர்கள் மிகச் சிலர். செய்தி என்பது அவர்களுக்கு ரீல்ஸில் நடுவே வந்துபோகும் ஒரு துண்டு. சிலர் தங்களுக்குச் சூட்டப்பட்ட பெயரையே எடுத்து அணிந்துகொண்டு, கேமரா முன்னால் இன்னும் கொஞ்சம் மிகையாக நடித்துக்காட்டுகிறார்கள். "நல்லவனா போட்டா யாரு சார் பாப்பா?" என்று ஒருவன் கேட்டான். அவனுடைய கணக்குக்கும் செய்தி அலைவரிசையின் கணக்குக்கும் பெரிய வேறுபாடில்லை, இருவரும் ஒரே பார்வையாளர் எண்ணிக்கையைத்தான் துரத்துகிறார்கள். வேறுபாடு என்னவென்றால், அவனுடைய பதிவைக் காட்டி நாளைக்கு அவனைக் காவல் நிலையத்துக்கு அழைக்கலாம்.

குறையை முழுவதும் ஊடகங்களின் தலையில் கட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பேசாமல் இருப்பதற்கு எங்கள் துறையும் ஒரு காரணம். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி நாங்கள் அனுமதியின்றிப் பத்திரிகையிடம் பேச முடியாது. எங்கள் வளாகத்துக்குள் மாணவரிடம் பேசுவதற்கும் மேலிடத்தின் ஒப்புதல் கேட்கிறோம். முன்பொரு முறை, இளம் நிருபர் ஒருவர், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செல்போனில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்று வந்தார். பெயரையும் பள்ளியையும் போடமாட்டேன், எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றும் சொன்னார். இவ்வளவு அக்கறையோடு வந்த நிருபரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தலைமையாசிரியர் மறுக்கவில்லை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி வாருங்கள் என்றார். நிருபர் கடிதம் கொடுத்தார், தொலைபேசியில் நினைவூட்டினார், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று என்னிடமும் இருமுறை கேட்டார். அதற்குள் அவருடைய டெஸ்க்கிலிருந்து கட்டுரை எங்கே என்று நெருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கட்டுரை வெளியானது. மனநல மருத்துவர் ஒருவரும், பெற்றோர் இருவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அதில் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அனுமதிக் கடிதம் அதற்கடுத்த மாதம் வந்தது, மாணவர்கள் அப்போது காலாண்டு விடுமுறையில் இருந்தார்கள்.